ஆதாஸ் பாலைக்கு ஆள் சேர்ப்பது: வழக்கத்துக்கு மாறான உலகில் கேம்பெயின் நடத்த முழுமையான வழிகாட்டி

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) பற்றியது இது. பல செஷன்களாக நீளும் கதை கேம்பெயின், அது நடக்கும் உலகம் செட்டிங், நடத்துபவர் கேம் மாஸ்டர் அல்லது டி.எம். டார்க் சன் அப்படி ஒரு செட்டிங், அதன் பாலை உலகத்தின் பெயர் ஆதாஸ். "அடுத்த கேம்பெயின் டார்க் சன்ல ஓட்டலாமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து பேரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். முதல் செஷனுக்கு ஐந்து பேரும் வந்தும்விடுவார்கள். நான்காவது செஷனில் ஒருவருக்கு ஆபீஸ் வேலை, இன்னொருவருக்கு ஊரில் விசேஷம். ஆறாவது செஷன் நடக்காது. புதுமையான செட்டிங்கை எடுத்த கேம் மாஸ்டர்களில் பலர் இந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள். "நம்ம ஆளுங்களுக்கு எல்ஃபும் டிராகனும் இருந்தாத்தான் பிடிக்குது" என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

எல்ஃப் என்று ஒரு சொல் சொன்னால் கூரான காது, வில், காடு, நீண்ட ஆயுள் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வீடியோ கேமும் சினிமாவும் அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. த்ரி-க்ரீன் (டார்க் சன்னில் வரும் பூச்சி இனம்) என்று சொன்னால் ஒன்றும் வராது. பிளேயருக்கு உலகம் பிடிபடாவிட்டால் திட்டம் போட முடியாது. திட்டம் போட முடியாதவர் மேஜையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கொஞ்ச நாளில் வராமலே இருந்துவிடுவார். ஆகவே உங்கள் வேலை ஒன்றே ஒன்று: பிளேயர் உங்களைக் கேட்காமலேயே அந்த உலகத்துக்குள் ஒரு திட்டம் போடும் நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்று பார்ப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது டார்க் சன். 1991-ல் டி அண்ட் டி-யை முதலில் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது, டிமதி பிரவுனும் டிராய் டென்னிங்கும் உருவாக்கியது, அதன் முகத்தையே தீர்மானித்தவை ஓவியர் பிராம் (Brom) வரைந்த படங்கள். விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தை வைத்துக்கொள்வோம். பலர் வீட்டில் இருப்பது அதுதான்.

படி 1: எத்தனை விஷயத்தை மறக்கச் சொல்கிறீர்கள் என்று எண்ணுங்கள்

எல்லாப் புதுமையும் ஒரே கனம் கிடையாது. 1989-ல் வந்த ஸ்பெல்ஜாமர் செட்டிங்கில் கப்பல் விண்வெளியில் பறக்கும். ஆனால் அதில் ஏறுவது அதே எல்ஃப், அதே குள்ளன். பிளேயர் மறக்க வேண்டியது கொஞ்சம்தான். எபெரான் செட்டிங்கும் அப்படியே. டி அண்ட் டி-யைப் பின்னர் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் புது செட்டிங்குக்காக 2002-ல் நடத்திய தேடலில் வந்த ஏறத்தாழ 11,000 யோசனைகளில் கீத் பேக்கருடையது தேர்வாகி 2004-ல் புத்தகமானது. ரயிலும் பறக்கும் கப்பலும் துப்பறியும் கதையும் உண்டு, ஆனாலும் வழக்கமான டி அண்ட் டி-யில் உள்ள எல்லாவற்றுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

1994-ல் வந்த பிளேன்ஸ்கேப் கொஞ்சம் கடினம். சிகில் நகரத்தில் 15 கட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தத்துவம், போதாக்குறைக்கு ஒரு தெருப்பேச்சு வேறு. அந்தத் தெருப்பேச்சை முதல் நாளிலிருந்தே பேசும் டி.எம்.-க்கு மட்டும்தான் அது சுவை, கேட்பவருக்குப் பரீட்சை.

மறுகோடியில் இருப்பது டெகுமெல். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியராக இருந்த எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கிய உலகம். 1975-ல், டி அண்ட் டி வந்த அடுத்த வருடமே, டி.எஸ்.ஆர். அதைத் தனி விளையாட்டாக வெளியிட்டது. மொழி, குலம், மதம், மரியாதை, விலங்கு என்று எல்லாமே புதிது. மொழிக்கு இலக்கணமே எழுதி வைத்திருந்தார். ஆழத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. உள்ளே நுழைந்தவர்களும் அதிகமில்லை.

டார்க் சன் இரண்டுக்கும் நடுவில். ஒரு தாளை எடுத்து, பிளேயரின் முடிவுகளை நேரடியாக மாற்றும் விஷயங்களை மட்டும் எழுதுங்கள். மூன்றைத் தாண்டக் கூடாது. ஆதாஸுக்கு அவை:

- தண்ணீரும் உலோகமும் அரிது.
- மந்திரம் மண்ணின் உயிரைக் குடிக்கிறது. கவனமில்லாமல் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி சாம்பலாகும்.
- கடவுள்கள் இல்லை. நகரங்களைச் சூனியக்கார மன்னர்கள் ஆள்கிறார்கள்.

மனோசக்தி எங்கே என்று டார்க் சன் பழையவர்கள் கேட்பார்கள். 1991 விதிப்படி ஒவ்வொரு கேரக்டருக்கும் அதில் ஏதாவது ஒரு துளி உண்டு. மூன்று செஷன் போகட்டும், பிறகு கொண்டுவரலாம். ஏழு நகரங்களின் வரலாறும் அப்படித்தான்: முதல் மாதத்துக்கு டைர் நகரம் மட்டும் போதும். அதை ஆளும் கலாக் மன்னன் உயிரோடிருக்கும் காலமா, கொல்லப்பட்ட பிறகா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். 1995-ல் வந்த திருத்திய பதிப்புப் பெட்டி டார்க் சன் நாவல்களில் நடந்ததையெல்லாம் உலகத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டு பெட்டிகளையும் கலந்து படித்தால் நீங்களே குழம்புவீர்கள். 1991 பெட்டி, கலாக் சிம்மாசனத்தில். புதியவர்களுக்கு அதுவே நல்லது.

படி 2: மூன்று வாக்கியத்தில் அழைப்பு

எங்கே, நீங்கள் யார், முதல் நாளே என்ன செய்யப் போகிறீர்கள். இந்த மூன்றும் மூன்று வாக்கியத்தில் அடங்க வேண்டும். பெரும்பாலான அழைப்புகள் முதல் கேள்விக்கு மட்டும் பத்து வாக்கியம் எழுதி நின்றுவிடும்: "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பசுமையாக இருந்த ஆதாஸ்..." இதைப் படிப்பவருக்கு "சரி, நான் என்ன பண்ணணும்?" என்ற கேள்விதான் மிஞ்சும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "மந்திரவாதிகள் உறிஞ்சி உறிஞ்சி உலகமே பாலையாகிவிட்டது, இரும்புக் கத்தி வைத்திருப்பவன் பணக்காரன். நீங்கள் ஐந்து பேரும் ஒரு வணிகக் கூட்டத்தின் கூலிக் காவலர்கள். கூட்டம் அழிந்துவிட்டது, நகரம் மூன்று நாள் நடை, ஆளுக்கு இரண்டு தோல்பை தண்ணீர் இருக்கிறது."

முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு ஆதாஸை அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிடலாம். இந்த விஷயத்தில் தமிழ் மேஜைக்கு ஒரு வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இதை அனுப்பி "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். நண்பனிடம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெவ்வேறு உலகத்துக்கு மூன்று அழைப்பு எழுதி, ஒவ்வொருவரையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் கேட்டால் முதலில் பதில் போடுபவரின் பின்னால் மற்றவர்கள் போவார்கள். இரண்டு பேருக்கு முதலிடமும் மூன்று பேருக்குக் கடைசி இடமும் ஆன உலகத்தைவிட, ஐந்து பேருக்கும் இரண்டாமிடமான உலகம் நீண்ட நாள் ஓடும்.

படி 3: ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை

செஷனுக்கு முன் பிளேயர் படிக்கக் கொடுப்பது ஒரு பக்கம், சுமார் 250 சொல். 40 பக்க பி.டி.எஃப். அனுப்பினால் ஒருவர் படிப்பார், நால்வர் படித்ததாகச் சொல்வார்கள். மேஜையில் அந்த ஒருவர் மற்றவர்களைத் திருத்திக்கொண்டே இருப்பார். அது இன்னும் மோசம்.

அந்தப் பக்கத்தில் மேலே சொன்ன மூன்று மாற்றங்கள், பெயர்ச்சொல் அதிகபட்சம் ஐந்து (ஆதாஸ், டைர், கலாக், மன்னனின் அதிகாரியான டெம்ப்ளர், த்ரி-க்ரீன்), எல்லோருக்கும் தெரிந்த ஒரு வதந்தி, விலைப்பட்டியல். விலைப்பட்டியலை விட்டுவிடாதீர்கள். வரலாறு சொல்லாததை அது சொல்லும்.

டார்க் சன் காசு பீங்கான். பத்துத் துண்டாக உடைத்துச் சில்லறையாக்கலாம். பத்துப் பீங்கான் ஒரு வெள்ளி, நூறு பீங்கான் ஒரு தங்கம். உலோகமில்லாத பொருளின் விலை வழக்கத்தில் நூறில் ஒரு பங்கு. உலோகப் பொருளுக்கு முழு விலை. இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: உலோகமில்லாத பொருளுக்குப் புத்தகத்தில் "தங்கம்" என்று இருக்கும் இடத்தில் "பீங்கான்" என்று படியுங்கள், கணக்கு தானாகச் சரியாகிவிடும். தோல் கவசம் 10 தங்கம் என்றிருந்தால் 10 பீங்கான். லாங்ஸ்வார்ட் 15 தங்கம், அதாவது 1,500 பீங்கான். செயின் மெயில் 7,500. இந்த மூன்று எண்ணையும் அடுத்தடுத்து பார்க்கும் பிளேயருக்கு இரும்பின் அருமையை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

படி 4: உலகம் விதியில் கடிக்க வேண்டும்

செட்டிங்கின் புதுமை வர்ணனையில் மட்டும் இருந்தால் இரண்டாவது செஷனிலேயே மறந்துபோகும். கேரக்டர் ஷீட்டில் ஏதாவது எண் குறைந்தால்தான் உறைக்கும். ஆதாஸில் அந்த எண் தண்ணீர். இங்கேதான் பல மேஜைகள் சறுக்குகின்றன என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐந்தாம் பதிப்பில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர், வெயிலில் இரண்டு கேலன் வேண்டும். அது ஏழரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரு தோல்பையில் பிடிப்பது அரை கேலன், நிரம்பிய பையின் எடை 5 பவுண்டு. அப்படியானால் மூன்று நாள் நடைக்கு ஒருவருக்கு 6 கேலன், 12 தோல்பை, 60 பவுண்டு. ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 10 உள்ளவர் மொத்தமே 150 பவுண்டுதான் சுமக்க முடியும். கவசமா தண்ணீரா என்ற கேள்வி தானாக எழும். நல்லது.

பாதியளவு மட்டும் குடித்தவர் நாள் முடிவில் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று 20 முக டைஸ் உருட்டி, அந்தக் கேரக்டரின் கூட்டலைச் சேர்ப்பது) போட வேண்டும், இலக்கு 15. தவறினால் எக்ஸாஸ்ஷன் (களைப்பு) ஒரு படி ஏறும். பாதிக்கும் குறைவாகக் குடித்தால் சேவே கிடையாது, படி தானாக ஏறும். கான்ஸ்டிட்யூஷன் கூட்டல் +2 என்றால் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பத்தில் நான்கு முறைதான் தப்பிக்கலாம். பலர் கவனிக்காத வரி ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது: ஏற்கெனவே எக்ஸாஸ்ஷன் உள்ளவர் தவறினால் இரண்டு படி ஏறும். மூன்று நாளும் தவறினால் 1, 3, 5. ஐந்தாம் படியில் நடக்கவே முடியாது, ஆறாம் படி மரணம். மூன்றாம் படியிலேயே தாக்குதலும் சேவும் பாதகத்தோடுதான் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உருட்ட வேண்டும். ஒருமுறை சரிந்தவர் எழுந்திருக்க வழியில்லை. ஆகவே அந்த இரட்டிப்பு வரியை எடுத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு படி போதும். பயமும் இருக்கும், மீள்வதற்கு நேரமும் இருக்கும்.

அடுத்த ஓட்டை ஸ்பெல்கள், அதாவது கேரக்டர்கள் போடும் மந்திரங்கள். முதல் நிலை கிரியேட் வாட்டர் ஒரே தடவையில் 10 கேலன் தருகிறது. ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு: கொளுத்தும் வெயிலில் ஒரு நாள் தேவை அப்படியே தீர்ந்தது. குட்பெர்ரி பத்து பழம், ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு ஒரு நாள் ஊட்டம். மூன்றாம் நிலை கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் 30 கேலன். அவுட்லேண்டர் (காட்டுவெளியில் வளர்ந்தவர்) பின்னணி எடுத்தவர் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் உணவும் நீரும் தேடிவிடுவார். இவற்றில் ஏதாவது ஒன்று மேஜையில் இருந்தாலே உங்கள் பாலை வெறும் மஞ்சள் பின்னணிப் படம்தான்.

எல்லாவற்றையும் தடை செய்வது எளிது, ஆனால் செய்யாதீர்கள். ஆதாஸில் கடவுள் இல்லாததால் கிளெரிக்குகள் (வழக்கமாகக் கடவுளிடம் சக்தி பெறும் பூசாரிகள்) நிலம், நீர், தீ, காற்று என்ற பூதங்களிடம் சக்தி பெறுகிறார்கள். நீர்க் கிளெரிக் வேண்டும் என்று கேட்பவர் உங்கள் உலகத்துக்கு உள்ளே வந்துவிட்டவர். அவர் கையைக் கட்டுவது முட்டாள்தனம். கிரியேட் வாட்டரை ஒரு தடவை போடுவதற்கு 2 கேலன் ஆக்குங்கள். யாரோ ஒருவரைக் காப்பாற்றும், எல்லோரையும் காப்பாற்றாது. யாரை என்று அவர் தீர்மானிக்க வேண்டும். குட்பெர்ரி பசிக்கு மட்டும், தாகத்துக்கு இல்லை. பெரிய ஸ்பெல் 6 கேலன். அவுட்லேண்டர் சலுகை நிலத்தில் ஏதாவது இருந்தால்தான் செல்லும், பாலையில் இல்லை. இவை எல்லாவற்றையும் கேரக்டர் உருவாக்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விளையாட்டு நடுவில் "இங்க அது வேலை செய்யாது" என்று சொன்னால் அது உலகத்தின் கொடுமையாகத் தெரியாது, உங்கள் கொடுமையாகத்தான் தெரியும்.

கேலன் கணக்கு எழுதப் பிடிக்காத குழுவும் உண்டு. அவர்களுக்குத் தேய்மான டைஸ். ஆளுக்கு ஒரு டி6 (ஆறு முக டைஸ்; டி4, டி8 என்றால் நான்கு, எட்டு முகம்). ஒவ்வொரு நாள் இறுதியிலும் உருட்ட, 1 அல்லது 2 விழுந்தால் டி4 ஆகும். டி4-ல் 1 அல்லது 2 விழுந்தால் தண்ணீர் காலி. சராசரியாக டி6-லிருந்து ஐந்து நாள் தாங்கும், டி8 என்றால் ஒன்பது நாள். சரியான எண் தெரியாததால் பதற்றம் கூடும். எடைக் கணக்கு போய்விடும் என்பது இதன் குறை. கவசமா தண்ணீரா என்ற கேள்வி எழாது.

உலோகம் அரிது என்பதால் பெரும்பாலோர் கையில் இருப்பது எலும்பு ஆயுதம். அதற்கு எளிய விதி ஒன்று போதும்: தாக்குதலில் டைஸில் 1 விழுந்தால், பிளேயர் தவறியதை ஏற்கலாம், அல்லது மறுபடி உருட்டலாம். மறுபடி உருட்டினால் என்ன விழுந்தாலும் ஆயுதம் உடையும். ஐந்து பேர் நான்கு சுற்று சண்டை போட்டால் 20 உருட்டல். ஒரு சண்டைக்கு ஏறக்குறைய ஒரு தடவை இந்த வாய்ப்பு வரும். முடிவைப் பிளேயர் கையில் விடுவதுதான் இதில் முக்கியம். தானாக உடையும் விதி வைத்தால், சுற்றுக்கு இரண்டு தாக்குதல் செய்யும் ஃபைட்டர் மற்றவர்களைவிட இரு மடங்கு ஆயுதம் இழப்பார்; நன்றாகச் சண்டை போடுவதற்குத் தண்டனை கொடுத்ததாக ஆகும்.

மந்திரவாதிக்கு ஒரு ஆசை காட்டுங்கள்: டேமேஜ் டைஸை மறுபடி உருட்டலாம், ஆனால் 30 அடிக்குள் இருக்கும் நண்பர்களுக்கு ஸ்பெல் நிலை எத்தனையோ அத்தனை டி4 அடி, செடியெல்லாம் சாம்பல். இது வீட்டு விதிதான். இதைப் பயன்படுத்தும் முதல் நாள் மேஜையில் எழும் சத்தத்துக்காகவே வைக்கலாம்.

படி 5: கேரக்டர் உருவாக்கும் நாள்

உலகம் தெரியாத பிளேயர், உலகம் தெரிந்த கேரக்டராக நடிக்கச் சிரமப்படுவார். டெகுமெல் விளையாட்டு இதற்கு 1975-லேயே ஒரு வழி கண்டது: எல்லோரும் வெளிநாட்டார், சிறு படகில் ஜகல்லா துறைமுகத்தில் வந்து இறங்குகிறார்கள். கேரக்டருக்கும் ஊர் தெரியாது, பிளேயருக்கும் தெரியாது. கேட்கும் கேள்வியெல்லாம் நியாயமான கேள்வி ஆகிவிடுகிறது. ஆதாஸில் வெளிநாடு கிடையாது என்பதால், தொலைதூரப் பாலைக் கிராமத்தில் பிறந்து முதன்முறை நகரத்தைப் பார்க்கப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாலடின் (புனித வீரர்) இல்லை, நோம் (குட்டை இனம்) இல்லை" என்று தடைப்பட்டியலோடு தொடங்காதீர்கள். தயாராக எட்டு ஆள் வைத்திருங்கள், ஆளுக்கு ஒரு வரி: அரங்கில் சண்டை போட்டு விடுதலை வாங்கிய மல் (மனிதனுக்கும் குள்ளனுக்கும் பிறந்த இனம்), நண்பர்களின் தூக்கத்தை வினோதமாகப் பார்க்கும் த்ரி-க்ரீன் (அந்த இனம் தூங்குவதில்லை), மந்திரத்தை மறைத்து வைத்து மூலிகை வியாபாரி வேஷம் போடுபவர். ஐந்து பேர் எட்டிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். மாற்ற விரும்புபவர் மாற்றட்டும்.

1991 விதியில் இரண்டு விஷயம் இன்றும் பயன்படும். கேரக்டர்கள் மூன்றாம் லெவலில் தொடங்குகிறார்கள், ஒவ்வொரு பிளேயருக்கும் நான்கு கேரக்டர். சாவு மலிந்த உலகம் என்பதால் அந்த ஏற்பாடு. மூன்றாம் லெவலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கேரக்டர் அதிகம், ஒரு மாற்று போதும்.

டார்க் சன் நகரங்களில் அடிமை முறை உண்டு. இதை மேஜையில் எந்த அளவு காட்டலாம் என்று இந்த நாளிலேயே கேட்டுவிட வேண்டும். எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் போகட்டும் என்று இரண்டு பட்டியல். தனிச் செய்தியில் கேளுங்கள். நேரில் எல்லோர் முன்பும் கேட்டால் எல்லோரும் "எனக்கு ஓகே" என்பார்கள்.

படி 6: முதல் செஷன், மூன்று மணி நேரம்

முதல் பத்து நிமிடம்: உலக வரலாறு வேண்டாம். வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, ஆளுக்கு இரண்டு தோல்பை, அதாவது வெயிலில் அரை நாள் தண்ணீர். "என்ன எடுத்துட்டுப் போறீங்க?"

அடுத்த அரை மணி: இடிபாட்டில் ஒரு பூட்டிய பெட்டி. உடைத்தால் உள்ளே சாதாரணத் துணி. யாராவது ஒருவர், சில நேரம் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பூட்டு எதுல பண்ணுனது?" என்று கேட்பார். இரும்பு. அந்தக் கேள்வி வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. வராவிட்டால் நீங்களாகச் சொல்லாதீர்கள். பின்னால் வரும் வழிப்போக்கன் பெட்டியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடட்டும்.

அடுத்த ஒரு மணி கிணறு. இதை நன்றாகத் தயாரியுங்கள்.

"கிணத்துல எவ்ளோ தண்ணி இருக்கு?"

"பத்து கேலன் தேறும். ஊறுறது மெதுவா. பக்கத்துல எட்டுப் பேர் கூடாரம் போட்ருக்காங்க, அதுல ரெண்டு பேர் குழந்தைங்க."

"பாதிப் பாதி குடிச்சா?"

"மொத்தம் பதிமூணு பேர். ஆளுக்கு ஒரு கேலன்னாலும் பதிமூணு வேணும்."

இதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள். ஐந்து பேரும் தங்களுக்குள் பேச ஆரம்பிப்பார்கள். சிலர் பேரம், சிலர் இரவில் திருட்டு, சிலர் நாளைய பயணத்தை ராத்திரியிலேயே நடந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். எதுவானாலும் சரி, அவர்கள் போடுவது ஆதாஸ் திட்டம். வேறெந்த உலகத்திலும் அந்தத் திட்டத்துக்குத் தேவையே இல்லை.

அதன் விளைவாகச் சண்டையோ துரத்தலோ ஐம்பது நிமிடம். கடைசி அரை மணியில் டைர் வாசல்: டெம்ப்ளர் ஒருவர், மன்னனின் அதிகாரி, நுழைவுக்கு லஞ்சம் கேட்கிறார், அவர் கண் அந்த இரும்புப் பூட்டில் நிற்கிறது. அங்கே நிறுத்துங்கள்.

எல்லாம் தெரிந்த கிழவர் ஒருவரைக் கூடவே அனுப்பும் ஆசை வரும். வேண்டாம். அவர் இருக்கும்வரை பிளேயர்கள் அவரையே கேட்பார்கள், தாங்களாக எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

படி 7: ஆர்வம் இருக்கிறதா என்று மூன்றாவது செஷனில் பாருங்கள்

"நல்லாருந்துச்சு" என்ற பதிலை நம்பாதீர்கள், நடத்தையைக் கவனியுங்கள். யாராவது கேட்காமலேயே விலையைப் பீங்கானில் சொன்னாரா? மந்திரவாதி ஸ்பெல் போடும் முன் சுற்றிலும் செடி இருக்கிறதா என்று கேட்டாரா? செஷன் இல்லாத நாளில் குழுவில் தண்ணீர் பற்றி ஜோக் வந்ததா? ஐந்து பேரில் மூன்று பேரிடம் இப்படி ஒன்றாவது தெரிந்தால் தொடருங்கள். மனோசக்தியையும் இரண்டாவது நகரத்தையும் இப்போது திறக்கலாம்.

ஒருவர் மட்டும் ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் குறை கேரக்டரில்தான். மாற்றுக் கேரக்டரை எடுக்கச் சொல்லுங்கள், இழப்பு எதுவும் இல்லாமல். எல்லோருமே தண்ணீர்க் கணக்கில் சலித்திருந்தால், அதற்காக உலகத்தையே மாற்ற வேண்டாம்: நகரத்துக்குள் கொண்டுபோய், தண்ணீரை வாடகை போல வாரத்துக்கு ஒரு தொகையாக்கிவிட்டு, டெம்ப்ளர்களையும் அரங்கையும் முன்னே கொண்டுவாருங்கள்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் ஆறாவது செஷன் வரை இழுக்காமல் நான்காவதில் ஒரு முடிவுக் காட்சி வைத்து மூடிவிடுங்கள். விலைப்பட்டியலையும் கிணற்றுக் காட்சியையும் எடுத்து வையுங்கள். வேறு குழுவோடு ஒரு மாலை மட்டும் ஆடும் ஒன்-ஷாட்டுக்கு அவை அப்படியே பொருந்தும்.